வாசகர் கேள்வி–பதில்: சுண்டெலியின் குடலில் தெரியும் முதல் மாற்றம்

சென்ற இதழில் பெருங்குடல் புற்றுநோய் பற்றி வெளியான கட்டுரையில் ‘விலங்குகளில் நடத்தப்பட்ட ஆய்வுகளின்படி’ என்ற தொடர் பலமுறை வந்திருந்தது. அந்த விலங்குகள் எவை, அவற்றுக்கு நோய் எப்படி வரவழைக்கப்படுகிறது, அந்த முடிவுகளை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று கேட்டுக் கேரள எல்லையோர ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்துள்ளன. கால்நடை நோய்க்குறியியல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்று மார்த்தாண்டத்தில் வசிக்கும் நமது பத்தியாளர் பதிலளிக்கிறார்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு விலங்கியல் மாணவி: ஐயா, குடலுக்குள் கேமராவைச் செலுத்திப் பார்க்கும் வசதி இப்போது பாலக்காட்டிலும் பொள்ளாச்சியிலும்கூட வந்துவிட்டது. மனிதரிடமே நேராகப் பார்க்க முடியும்போது, தொடக்கநிலைப் புற்றை ஆராய எலி எதற்கு?

கேமராவால் பார்க்க முடியும். பார்த்ததை அப்படியே விட்டுவைக்க முடியாது. அங்கேதான் சிக்கல் இருக்கிறது.

நம் பெருங்குடலின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழிகள் லட்சக்கணக்கில் உள்ளன. ஒவ்வொரு குழியின் அடியிலும் சில தண்டுச் செல்கள் இருந்து புதிய செல்களைப் பிறப்பித்துக்கொண்டே இருக்கின்றன. பிறந்த செல்கள் மெல்ல மேலேறி, நான்கைந்து நாள்களில் குழியின் விளிம்பை அடைந்து உதிர்ந்துவிடுகின்றன. ஏதோ ஒரு குழியில் இந்த ஒழுங்கு குலைந்து, உதிர வேண்டியவை உதிராமல் தங்கிப் பெருகும்போது, அது முதலில் ஒரு சிறு மேடாகவும், பிறகு மருத்துவர்கள் அடினோமா என்று குறிப்பிடும் பாலிப்பாகவும் வளர்கிறது. அவற்றுள் மிகச் சிலவே பிற்பாடு சுவரைத் துளைத்துப் பரவும் புற்றாக மாறுகின்றன. இந்தப் பயணத்துக்குப் பொதுவாகப் பத்தாண்டுகளோ அதற்கு மேலோ ஆகும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு மரபணு பழுதாகிறது என்றும், பெரும்பாலும் ஏபிசி என்ற மரபணு முதலிலும், கேராஸ் இடையிலும், பி53 கடைசியிலும் கெடுகின்றன என்றும் 1990-இல் ஃபியரோன், வோகல்ஸ்டைன் ஆகிய இருவரும் வகுத்துக் காட்டிய வரிசை, சில திருத்தங்களுடன் இன்றும் அடிப்படைப் பாடமாக இருக்கிறது.

இனி மருத்துவரின் நிலையில் நின்று பாருங்கள். கொலோனோஸ்கோப்பியில் ஒரு பாலிப் தென்பட்டால் அதை அப்போதே அகற்றிவிடுவதுதான் அவர் கடமை. நோயாளிக்கும் அதுதான் நல்லது. ஆனால், ‘இதை விட்டுவைத்திருந்தால் புற்றாக மாறியிருக்குமா, அல்லது ஆயுள் முழுவதும் அப்படியே கிடந்திருக்குமா’ என்ற ஆராய்ச்சியாளரின் கேள்வி அந்தப் பாலிப்போடு சேர்ந்து வெட்டுப்பட்டுப் போகிறது. பாலிப் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் அந்த இடத்தில் என்ன நடந்தது என்பதைக் கேமராவால் பின்னோக்கிப் பார்க்கவும் இயலாது. ஆய்வு விலங்கிடம் மட்டுமே தொடக்க நாள் எது என்று நமக்குத் தெரியும். நான்காம் வாரம், எட்டாம் வாரம், இருபதாம் வாரம் என்று அடுத்தடுத்த நிலைகளை வரிசையாகப் பார்க்கவும் முடியும்.

அப்படிப் பார்க்கும் முறையைச் சொன்னால் விளங்கும். எலியின் பெருங்குடலை வெளியே எடுத்து, நீளவாக்கில் பிளந்து, உப்புநீரில் கழுவி, உட்புறம் மேலே இருக்கும்படி வடிதாளின் மீது சுருக்கமில்லாமல் விரித்து, ஃபார்மலினில் ஒரு நாள் ஊறவிடுகிறோம். பிறகு மெத்திலீன் நீலம் என்ற சாயத்தின் நீர்த்த கரைசலில் சில நிமிடங்கள் வைத்து எடுத்து, நுண்ணோக்கியின் குறைந்த உருப்பெருக்கத்தில் பார்த்தால், சீரான குழிகள் இடியாப்ப அச்சின் துளைகளைப் போல ஒரே அளவில் வரிசையாகத் தெரியும். அவற்றுக்கு நடுவே ஒன்றோ, இரண்டோ, நான்கோ குழிகள் மட்டும் பருத்து, கருநீலமாக, சற்று மேலெழும்பி, வட்டமாக இருக்க வேண்டிய வாய் பிளவுபோல் நீண்டு நின்றால், அதுவே முதல் அடையாளம். பிறழ்வுக் குழித்திரள் எனலாம். கனடாவில் ரஞ்சனா பேர்ட் என்ற ஆராய்ச்சியாளர் 1987-இல் இதைச் சுண்டெலியின் குடலில் எண்ணிக் காட்டினார். சில ஆண்டுகளிலேயே மனிதக் குடலிலும் இத்தகைய திரள்கள் இருப்பது உறுதியானது. வெட்டி, மெழுகில் பதித்து, சீவிப் பார்க்கும் வழக்கமான முறையில் இவை எளிதில் தப்பிவிடும். முழுக்குடலையும் விரித்து வைத்துச் சாயமேற்றிப் பார்த்ததுதான் அவருடைய சாமர்த்தியம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இந்தத் திரள்கள் எல்லாமே புற்றாவதில்லை. பெரும்பாலானவை அப்படியே நின்றுவிடுகின்றன, சில மறைந்தும் விடுகின்றன. எனவே ‘எங்கள் மருந்தால் திரள்களின் எண்ணிக்கை குறைந்தது’ என்பதை ‘புற்றுநோய் தடுக்கப்பட்டது’ என்று படித்துவிடக் கூடாது. இப்படிப் படித்துவிட்டு எழுதப்படும் செய்திகளே அதிகம் என்பது என் மனக்குறை.

கூடலூரிலிருந்து ஒரு குடும்பத்தலைவி: நிலம்பூர்ப் பக்கத்து உறவினர்கள் ஈந்துக்காய் (பனைபோல் தோன்றும் சைகஸ் மரத்தின் காய்) கொடுத்தனுப்புவார்கள், அதன் மாவில் செய்யும் ஈந்துப்பிடி எங்கள் வீட்டில் விருப்பமான உணவு. எலிக்குக் குடல் புற்று வரவழைக்கும் நஞ்சு இந்தக் காயிலிருந்துதான் வந்தது என்று மகன் எங்கோ படித்துவிட்டுச் சொல்கிறான். உண்மையா, டாக்டர்?

உங்கள் மகன் சரியாகவே படித்திருக்கிறார். ஆனால், கதை நீங்கள் நினைப்பதைவிட நீளமானது.

பசிபிக் கடலில் உள்ள குவாம் தீவில் வாழும் சமோரோ மக்களிடையே ஒருவகை நரம்புச் சிதைவு நோய் அசாதாரண அளவில் காணப்பட்டது. அங்கும் ஈந்து இனத்தைச் சேர்ந்த மரத்தின் கொட்டையை மாவாக்கி உண்ணும் வழக்கம் இருந்ததால், அந்த மாவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்த நரம்பு நோய் வரவில்லை. அதற்குப் பதிலாகக் கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் பெருங்குடலிலும் கட்டிகள் முளைத்தன. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த லாக்வர் 1963-இல் இதை வெளியிட்டார். நரம்பைத் தேடிப் போய்க் குடலில் முடிந்த இந்த ஆய்விலிருந்துதான், இன்று உலகெங்கும் புழங்கும் பெருங்குடல் புற்று மாதிரிகளில் (அதாவது நோய் வரவழைக்கப்பட்ட ஆய்வு விலங்குகளில்) பல கிளைத்தன.

கொட்டையில் இருக்கும் பொருளின் பெயர் சைகசின். அது சர்க்கரையோடு பிணைந்திருக்கும் வரை பெரிய தீங்கு செய்வதில்லை. குடலில் வாழும் பாக்டீரியாக்கள் அந்தச் சர்க்கரையைப் பிரித்துவிடும்போதுதான், மரபணுவைச் சிதைக்கும் பகுதி விடுபடுகிறது. இதை நிறுவிய சோதனை எனக்கு மிகவும் பிடித்தது: கிருமியே இல்லாத கூண்டில் பிறந்து வளர்ந்த எலிகளுக்குச் சைகசினைக் கொடுத்தபோது அவற்றுக்குக் கட்டி வரவில்லை. பிரிக்கப்பட்ட பகுதியை நேரடியாகச் செலுத்தியபோது கிருமியில்லா எலிகளுக்கும் கட்டி வந்தது. குடல் பாக்டீரியாவுக்கும் குடல் புற்றுக்கும் தொடர்புண்டு என்று இன்று புதிதாகப் பேசுகிறோம். 1960-களிலேயே எலிகள் அதைச் சொல்லிவிட்டன.

பிறகு வேதியியலாளர்கள் அதே நச்சுப் பகுதியை உடலுக்குள் உருவாக்கும் செயற்கைப் பொருள்களைக் கண்டறிந்தனர். டைமீதைல் ஹைட்ரசீன் அவற்றுள் ஒன்று. அது உடலில் மாறும்போது உருவாகும் அசாக்ஸிமீத்தேன் இன்னொன்று. வாரத்துக்கு ஒன்றாகச் சில ஊசிகள் போட்டால், சில மாதங்களில் எலியின் பெருங்குடலில், அதுவும் பெரும்பாலும் மனிதருக்கு வருவதைப் போலக் கீழ்ப்பகுதியில், கட்டிகள் தோன்றுகின்றன. 2003-இல் ஜப்பானில் தனாகாவும் உடன் பணியாற்றியோரும் இதைச் சுருக்கினார்கள். ஒரே ஓர் அசாக்ஸிமீத்தேன் ஊசி. ஒரு வாரம் கழித்து, குடலைப் புண்ணாக்கும் டெக்ஸ்ட்ரான் சல்ஃபேட் உப்பை ஏழு நாள் குடிநீரில் கலந்து கொடுப்பது. இருபதாம் வாரத்துக்குள் கட்டிகள் தயார். நீண்டகாலக் குடல் அழற்சி உள்ளவர்களுக்குப் புற்று எப்படித் தோன்றுகிறது என்று ஆராய இதைவிட ஏற்ற மாதிரி இல்லை. ஆனால், அழற்சியே இல்லாத ஒருவருக்கு அறுபது வயதில் வரும் பாலிப்பை விளக்க இதைக் கொண்டுவந்து நிறுத்தினால் பொருந்தாது. இந்த வேதிப்பொருள்களால் சுண்டெலியில் வரும் கட்டிகளில் ஏபிசி மரபணுவைவிட, அதே வழித்தடத்தில் அடுத்துள்ள பீட்டா-கேட்டனின் மரபணுவே பெரும்பாலும் பழுதாகிறது. மனிதரிடமோ ஏபிசிதான் பெரும்பாலும் கெடுகிறது. வந்து சேரும் இடம் ஒன்று, நுழைந்த வாசல் வேறு.

உங்கள் ஈந்துப்பிடிக்கு வருகிறேன். சைகசின் நீரில் கரையக்கூடியது. காயை உடைத்து, வெயிலில் காயவைத்து, பலமுறை தண்ணீர் மாற்றி ஊறவைத்து, கழுவிய பிறகே இடித்து மாவாக்கும் மலபார் வழக்கம், நஞ்சின் பெரும்பகுதியை நீக்குவதற்காகவே ஏற்பட்டது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை சைகசினை ‘மனிதருக்குப் புற்று விளைவிக்கக்கூடும்’ என்ற 2பி பிரிவில் வைத்திருக்கிறது. விலங்குச் சான்று இருக்கிறது, மனிதச் சான்று போதவில்லை என்பது அதன் பொருள். அவசரத்துக்கு ஒரே தண்ணீரில் ஊறவைத்து அரைத்த மாவை வாங்காதீர்கள். ஊறவைத்த நீரை ஆட்டுக்கோ மாட்டுக்கோ காட்டாதீர்கள். எப்போதாவது, பாட்டி செய்த முறையில் செய்து உண்பதற்கும், ஆய்வுக்கூடத்தில் எலிக்குத் தொடர்ந்து தீனியாகக் கொடுப்பதற்கும் உள்ள தூரம் பெரிது. அதற்காக நாள்தோறும் உண்ணத்தக்கது என்று நான் சான்றிதழ் கொடுக்கவும் மாட்டேன்.

செங்கோட்டையிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியர்: ‘மின் வகைச் சுண்டெலி’ என்று கட்டுரையில் வந்ததே, அது என்ன?

குடலில் பல கட்டிகள் என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளே அந்தப் பெயர். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மெக்கார்டில் ஆய்வகத்தில், மரபணுவைக் கண்டபடி மாற்றும் ஒரு வேதிப்பொருளைச் செலுத்திய சுண்டெலிகளின் வழித்தோன்றல்களை டவ் என்பவரின் குழுவினர் கவனித்துவந்தனர். ஒரு பரம்பரையில் வளர்ந்த சுண்டெலிகள் சோகைபிடித்து வெளிறிக் காணப்பட்டன. அறுத்துப் பார்த்தபோது, சிறுகுடல் முழுவதும் பாலிப்புகள். அவற்றிலிருந்து கசிந்த இரத்தமே சோகைக்குக் காரணம். மோசர், பிட்டாட், டவ் ஆகியோர் 1990-இல் இதை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு மனிதரிடம் ஏபிசி மரபணு கண்டறியப்பட்டது. குடும்பவழிப் பாலிப் நோய் என்று ஒன்று உண்டு. அக்குடும்பத்தினருக்கு இளவயதிலேயே பெருங்குடலில் நூற்றுக்கணக்கில் பாலிப்புகள் வரும், கவனிக்காமல் விட்டால் புற்றுநோய் ஏறத்தாழ உறுதி. அந்த நோய்க்குக் காரணமான மரபணுவே இது. 1992-இல் பார்த்தால் மின் சுண்டெலியில் பழுதாகியிருந்ததும் இதே மரபணுதான். தேடிப் போகாமலே மனித நோயின் நேர்ப்பிரதி ஒன்று கூண்டில் காத்திருந்தது.

அதன் குறைகளும் பெரியவை. மனிதருக்குப் பாலிப் பெருங்குடலில் வருகிறது. மின் சுண்டெலிக்கோ பெரும்பாலும் சிறுகுடலில். பாலிப் புற்றாக முற்றுவதற்குள், நான்கைந்து மாத வயதில், இரத்தசோகையாலேயே இறந்துவிடுகிறது. வேறு உறுப்புகளுக்குப் பரவுவதைக் காண்பது அரிது. ஆகவே இது தொடக்கநிலைக்கு மட்டுமே ஏற்ற மாதிரி. தொடக்கநிலையை மட்டும் தனியாகப் பிரித்து ஆராய விரும்புவோருக்கு இக்குறையே வசதியாகவும் அமைந்துவிட்டது.

வகுப்பில் சொல்வதற்கு ஒரு செய்தி: ஒரே ஏபிசி பழுது, ஒரு சுண்டெலி இனத்தில் சராசரியாக முப்பது பாலிப்புகளைத் தருகிறது, வேறோர் இனத்தோடு கலப்புச் செய்து பிறந்த குட்டிகளில் ஆறு அளவுக்குக் குறைந்துவிடுகிறது. பழுதின் விளைவைத் தணிக்கும் வேறு மரபணுக்கள் உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கு மோசமாகவும் தம்பிக்கு இலேசாகவும் நோய் இருப்பதன் காரணமும் ஓரளவு இங்கே இருக்கிறது. பெருங்குடலிலேயே பாலிப் வேண்டும் என்பதற்காக அதே குழுவினர் 2007-இல் பிர்க் என்ற எலியை உருவாக்கினர். அது சுண்டெலியைவிடப் பெரிது என்பதால், சிறு கேமராவைச் செலுத்தி ஒரே பாலிப்பை வாரக்கணக்கில் தொடர்ந்து பார்க்கலாம். மனிதரிடம் செய்ய முடியாதது என்று மாணவிக்கு மேலே சொன்னேனே, அது இங்கே முடிகிறது.

குமுளியிலிருந்து ஒரு வாசகர்: மனிதப் புற்றுச் செல்லை எலியின் தோலுக்கடியில் வைத்து மருந்து கொடுக்கிறார்களாமே, அதுவும் இதே வகையா?

இல்லை. அந்தச் செல்கள் ஏற்கெனவே முற்றிய புற்றிலிருந்து எடுக்கப்பட்டவை. பெறும் எலிக்கு எதிர்ப்புச் சக்தி இராது. வைக்கும் இடமும் குடல் அல்ல. முற்றிய கட்டியை மருந்து சுருக்குமா என்று பார்க்க உதவும். தொடக்கம் பற்றி அதனிடம் கேட்பதற்கு ஒன்றுமில்லை.

களியக்காவிளையிலிருந்து ஒரு வணிகர்: மஞ்சள் குடல் புற்றைத் தடுக்கும் என்று எலியில் நிரூபித்துவிட்டார்கள் என வாட்ஸ்அப்பில் வருகிறது. தினமும் எவ்வளவு சாப்பிடலாம், சார்?

எலியில் காட்டியது உண்மை. அசாக்ஸிமீத்தேன் கொடுக்கப்பட்ட எலிகளின் தீனியில், மஞ்சளின் சாரமான குர்குமினை ஆயிரத்தில் இரண்டு பங்கு கலந்து கொடுத்தபோது, குடல் கட்டிகள் கணிசமாகக் குறைந்தன என்று 1995-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. நீங்கள் வணிகர், ஆகையால் கணக்குப் போட்டுப் பார்ப்போம். முந்நூறு கிராம் எலி நாளுக்குப் பதினைந்து கிராம் தீனி தின்றால், அதில் 30 மில்லிகிராம் குர்குமின் இருக்கும். எடைக்கு எடை என்று வைத்தால் 60 கிலோ மனிதருக்கு நாளுக்கு 6 கிராம் குர்குமின் வேண்டும். மஞ்சள் தூளில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவே குர்குமின் இருப்பதால், அது 200 கிராம் மஞ்சள் தூளாகிறது. விலங்கிலிருந்து மனிதருக்கு அளவை மாற்ற மருந்தியலார் கையாளும் உடற்பரப்புக் கணக்குப்படி போட்டால் ஆறில் ஒரு பங்காகக் குறையும். அப்போதும் 30 கிராமுக்கு மேல். ஒரு குடும்பத்தின் குழம்புக்கு ஒரு வாரத்துக்கு மேல் வரக்கூடிய தூள் அது.

அளவு மட்டுமே சிக்கல் என்றால் மாத்திரையாக விழுங்கிவிடலாம். அதையும் செய்து பார்த்தார்கள். குடும்பவழிப் பாலிப் நோய் உள்ள 44 பேரில் ஒரு பகுதியினருக்கு நாளுக்கு 3 கிராம் குர்குமினும், மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் ஓராண்டு கொடுத்து, 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். பாலிப்பின் எண்ணிக்கையிலோ அளவிலோ இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. குழம்பில் போடும் மஞ்சளை நிறுத்தச் சொல்லவில்லை. செறிவூட்டிய குர்குமின் மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் வாங்கி விழுங்க வேண்டாம் என்கிறேன். அவற்றால் கல்லீரல் பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் பதிவாகியுள்ளன.

எலி சொன்னது மனிதரிடம் பலிக்கவே பலிக்காது என்றும் முடிவுகட்டிவிடாதீர்கள். காக்ஸ்-2 என்ற நொதியை நீக்கினால் ஏபிசி பழுதான சுண்டெலியில் பாலிப்புகள் வெகுவாகக் குறைகின்றன என்று 1996-இல் ஜப்பானில் காட்டினார்கள். அந்நொதியை அடக்கும் செலிகாக்சிப் என்ற வலிநிவாரணியைக் குடும்பவழிப் பாலிப் நோயாளிகளுக்குக் கொடுத்தபோது, அவர்களுக்கும் பாலிப்புகள் குறைந்தன. 1999-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்த நோய்க்கு அதை அனுமதித்தது. பிறகு சாதாரணப் பாலிப் உள்ளவர்களிடம் பெரிய அளவில் சோதித்தார்கள். அங்கும் பாலிப் குறைந்தது. ஆனால் மாரடைப்பு முதலிய இதயக் கோளாறுகள் கூடியதால், 2004 டிசம்பரில் மருந்து கொடுப்பதை நிறுத்த வேண்டியதாயிற்று. குடலைப் பற்றிச் சுண்டெலி சொன்னது ஒவ்வொரு வரியும் மெய்யானது. நான்கைந்து மாதமே வாழும் அந்தச் சுண்டெலியிடம், ஆண்டுக்கணக்கில் மாத்திரை விழுங்கும் அறுபது வயதுக்காரரின் இதயத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை; கேட்டிருந்தாலும் அதற்குச் சொல்லத் தெரிந்திருக்காது. ஒவ்வொரு மாதிரியும் தன்னிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும். ஆகவே, ‘எலியில் நிரூபணம்’ என்ற செய்தியைக் கண்டால், எந்த எலி, எப்படி நோய் வரவழைக்கப்பட்டது, எண்ணியது பிறழ்வுக் குழியையா, பாலிப்பையா, புற்றையா, மருந்தை நோய்க்கு முன்பே கொடுத்தார்களா, பின்பா என்று கேளுங்கள். முன்பே கொடுத்துக் கிடைத்த பலனை, ஏற்கெனவே நோய் உள்ளவருக்குப் பரிந்துரைக்கும் விளம்பரங்கள் நம் சந்தையில் ஏராளம்.

குலசேகரத்திலிருந்து ஒரு வாசகி: நாய், பன்றி போன்றவற்றுக்குத் தாமாகவே இந்த நோய் வராதா? எங்கள் வீட்டு நாய்க்கு மலத்தில் இரத்தம் வருகிறது, அதனால் கேட்கிறேன்.

நாய்க்கு வரும். மலக்குடலில் பாலிப் வருவதும், அது சில வேளைகளில் புற்றாவதும் கால்நடை மருத்துவர்கள் அறிந்ததே. ஜப்பானில் ஜாக் ரஸ்ஸல் டெரியர் வகை நாய்களில் பரம்பரையாக வரும் பாலிப் நோய்க்கு, மனிதரைப் போலவே ஏபிசி மரபணுப் பழுதுதான் காரணம் என்று அண்மையில் தெரியவந்தது. நம் வீட்டில், நம் காற்றையும் நம் மிச்சச் சோற்றையும் பகிர்ந்து வாழும் விலங்கு என்பதால், கூண்டு எலியைவிட நாய் சொல்லும் சேதிக்கு ஒரு தனி மதிப்பு உண்டு என்பது என் கருத்து. பன்றிக்கு இந்நோய் இயல்பாக வருவது அரிது. ஆனால், ஜெர்மனியின் மியூனிக்கில் ஏபிசி மரபணுவை மாற்றி உருவாக்கிய பன்றிகளுக்குப் பெருங்குடலிலும் மலக்குடலிலுமே பாலிப்புகள் வந்தன. 2012-இல் வெளியான செய்தி. மனிதருக்குப் பயன்படுத்தும் அதே கேமராவை, அதே கருவிகளை அதில் பயன்படுத்தலாம் என்பது பெரிய அனுகூலம். செலவும் இடமும் காலமும் எலியைப் போலப் பல மடங்கு என்பதால் இது பரவலாகவில்லை.

உங்கள் நாய்க்குப் பெரும்பாலும் குடற்புழுவோ, தின்ற எலும்புத் துண்டோ காரணமாக இருக்கலாம். ஆனாலும் ஊகித்துக்கொண்டு இருக்காமல் மலத்தைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். கால்நடை மருத்துவர் கையுறையிட்ட விரலால் மலக்குடலைத் தொட்டுப் பார்த்தாலே பல பாலிப்புகள் சிக்கிவிடும்.

புளியரையிலிருந்து ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர் ஒருவர்: வாயில்லா உயிருக்கு வேண்டுமென்றே நோயைக் கொடுப்பது பாவமில்லையா, ஐயா?

இந்தக் கேள்வி எழாத ஆய்வகத்தில் நான் எவரையும் வேலைக்குச் சேரச் சொல்லமாட்டேன். நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் ஆய்வுக்கு இடமளிக்கிறது. ஆனால் அதைக் கண்காணிக்க ஒரு மத்தியக் குழுவையும், ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒரு விலங்கு நெறிமுறைக் குழுவையும் விதிகள் கட்டாயமாக்கியுள்ளன. எத்தனை விலங்குகள், ஏன் அத்தனை, வேறு வழி இல்லையா, எந்த அறிகுறி தென்பட்டால் வேதனை முற்றுமுன் முடித்துவிடுவீர்கள் என்று எழுதிக் கொடுத்த பிறகே அனுமதி கிடைக்கும். விலங்குக்கு மாற்று, எண்ணிக்கைக் குறைப்பு, வேதனைத் தணிப்பு என 1959-இல் ரஸ்ஸல், பர்ச் என்ற இரு பிரிட்டிஷ் அறிவியலாளர் முன்வைத்த மூன்று நெறிகளே இவற்றுக்கு அடிப்படை.

மாற்றுவழிகள் இப்போது உண்மையாகவே வளர்ந்திருக்கின்றன. குடலின் தண்டுச் செல் ஒன்றை எடுத்து, கூழ்போன்ற ஊடகத்தில் வளர்த்து, குழிகளோடு கூடிய ஒரு சிறு குடலையே உருவாக்கும் முறையை நெதர்லாந்தில் கிளெவர்ஸின் ஆய்வகம் 2009-இல் காட்டியது. அப்படி வளர்த்த மனிதக் குடல் செல்களிலேயே ஏபிசி முதலிய மரபணுக்களை ஒவ்வொன்றாகப் பழுதாக்கிப் பார்க்க முடிகிறது. 2023-இல் இந்தியாவின் மருந்துச் சோதனை விதிகளும் திருத்தப்பட்டு, விலங்கல்லாத முறைகளுக்கு இடம் தரப்பட்டது. ஆனால், அந்தச் சிறு குடலில் இரத்த ஓட்டம் இல்லை, எதிர்ப்புச் சக்தி இல்லை, பாக்டீரியா இல்லை. ஈந்துக்காய்க் கதையில் பாக்டீரியாவின் பங்கை நீங்களே பார்த்தீர்கள். எனவே இன்னும் சில காலம் எலியை விட்டுவிட முடியாது. பாவக் கணக்கு எனக்குத் தெரியாது. எண்ணிக்கை போதாமலோ, சரியாக எண்ணாமலோ செய்யப்பட்டு, யாருக்கும் பயனில்லாமல் போகும் ஆய்வில் செத்த எலியின் கணக்கு மட்டும் கட்டாயம் அதைச் செய்தவரின் பேரில்தான் எழுதப்பட வேண்டும். எந்த எலிக்கு எந்த மருந்து என்று தெரியாத ஒருவரே பாலிப்பை எண்ண வேண்டும் என்ற எளிய விதியைக்கூட மீறிய ஆய்வுகள் உண்டு.

பாறசாலையிலிருந்து ஒரு வாசகர்: என் அண்ணனுக்குத் திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவமனையில் இரண்டு பாலிப்புகளை எடுத்தார்கள்; மூன்றாண்டு கழித்து வரச் சொன்னார்கள். எனக்கு 38 வயது, தொந்தரவு எதுவும் இல்லை. நல்ல மருந்து ஏதாவது வரும்வரை நான் காத்திருக்கலாமா?

காத்திருக்க வேண்டியதில்லை, விலங்கு ஆய்வுகளில் அடுத்து என்ன வந்தாலும், பாலிப்பைக் கண்டு எடுத்துவிடுவதற்கு ஈடான தடுப்பு இப்போதைக்கு இல்லை. அண்ணனின் பயாப்ஸி அறிக்கையைத் தேடி எடுங்கள். அதில் பாலிப்பின் வகை, அளவு, செல்மாற்றம் எந்தத் தரம் என்று எழுதியிருக்கும். ஒரு சென்டிமீட்டரோ அதற்கு மேலோ உள்ள அடினோமா, ‘வில்லஸ்’ என்ற சொல், உயர்தர (அதாவது முற்றிய நிலைச்) செல்மாற்றம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று இருந்தால், உடன்பிறந்தோர் 40 வயதிலோ, அவருக்குக் கண்டறிந்த வயதுக்குப் பத்தாண்டு முன்போ, இரண்டில் எது முந்தியதோ அப்போது கொலோனோஸ்கோப்பி செய்துகொள்வது நடைமுறை. அவருக்கு 45 வயதில் கண்டறிந்தார்கள் என்றால், உங்களுக்குரிய காலம் ஏற்கெனவே வந்துவிட்டது. சிறிய, சாதாரண அடினோமாக்கள்தாம் என்றால் இவ்வளவு அவசரமில்லை. எப்போது தொடங்குவது என்று மருத்துவர் சொல்வார். பத்துக்கு மேற்பட்ட பாலிப்புகள் இருந்ததாக எழுதியிருந்தால் மரபணு ஆலோசனை கேளுங்கள்; குடும்பவழி நோய் உறுதியானால், பிள்ளைகளுக்குப் பத்துப் பன்னிரண்டு வயதிலிருந்தே பரிசோதனை தொடங்கும்.

மருத்துவமனைக்குப் போகும்போது அறிக்கையின் நகலோடு போங்கள். ‘அண்ணனுக்கு ஏதோ கட்டி எடுத்தார்கள்’ என்ற தகவலை மட்டும் வைத்து உங்கள் தேதியை எவராலும் குறிக்க முடியாது. மலத்தில் இரத்தமோ, காரணம் தெரியாத சோகையோ, வாரக்கணக்கில் மாறிய மலப்போக்கோ தென்பட்டால் மட்டும் எந்த வயதுக் கணக்கையும் பார்க்காமல் அந்த வாரமே காட்டிவிடுங்கள்.